பலர் கூடி எழுதும் ஆய்வுக் குறிப்பு

பணி நிகழும் இடங்களை ஆராய்ந்து குறை காண்டல் இக்காலத்தில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. தொழிற்சாலை, மருத்துவமனை, உணவுச்சாலை, சரக்கறை, கட்டட வேலை நிகழும் இடம் ஆகிய எங்கும், குறித்த காலத்தில் ஒருவர் வந்து, வெளியேறும் வாயில் அடைபட்டுளதோ, தீயணைக்கும் கருவி பழுதாயிற்றோ, மின்கம்பி தோலுரிந்து கிடக்கின்றதோ, சுழலும் பொறிக்கு மறைப்பு உண்டோ என ஒவ்வொன்றாய் நோக்கிக் குறித்துச் செல்லுதல் வழக்கம். அவர் குறித்ததே பின்னர் அறிக்கையாய் மேலிடம் செல்லும். அவ்வறிக்கையை நம்பியே ஆயிரக்கணக்கானோர் மறுநாட் காலையில் அவ்விடத்துட் புகுகின்றனர். ஆதலின், அக்குறிப்பை எழுதுவார் யாவர், எவ்வாறு எழுதுகின்றனர் என்னும் வினா, அலுவலகத்தார்க்கே உரிய சிறு வினாப்போலத் தோன்றினும், மக்கள் உயிரோடு தொடர்புடையதேயாம்.

முன்னாளில் இக்குறிப்பு தாளில் எழுதப்பட்டது. தாள் ஒன்று, எழுதுகோல் ஒன்று, எழுதுவாரும் ஒருவர். அவர் கண்டதே உள்ளது; அவர் காணாதது இல்லாததாகவே முடிந்தது. பிறரொருவர் ஏதேனும் கூற விரும்பினும், அஃது அவர் செவியிற் புகுந்து, அவர் மனம் ஒப்பி, அவர் கையால் எழுதப்பட்டாலன்றித் தாளில் ஏற வழியில்லை.

இந்நிலை இப்பொழுது மாறிவருகின்றது. தணிக்கைக்கென்றே அமைந்த மென்பொருள்கள் பல இன்று வழக்கில் உள. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 2004-இல் தொடங்கப்பெற்ற சேஃப்டிகல்ச்சர் என்னும் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஐஆடிட்டர் என்பது அவற்றுட் பலரறிந்தது. இத்தகைய மென்பொருளில், வினாக்கள் அடங்கிய பட்டி முன்னரே அமைக்கப்பட்டிருக்கும். ஆய்வாளர் கைப்பேசியில் அதனைத் திறந்து, 'ஆம்', 'இல்லை', 'பொருந்தாது' என விடையிறுப்பர், வேண்டுமிடத்துப் படம் பிடித்துச் சேர்ப்பர், இறுதியில் ஒப்பமிடுவர். ஒப்பமிட்டு முடிக்கும்வரை அது வரைவாகவே நிற்கும். இணைய இணைப்பு இல்லாத நிலவறையிலும் எழுதலாம். இணைப்பு வந்தவுடன் எழுதியவை நடுக்கணினியைச் சென்றடையும். உரிமை பெற்ற பிறரும் அவ்வரைவையே தம் கருவியில் திறந்து தமக்குரிய பகுதியை நிரப்ப இடந்தரும் முறையும் இவற்றுள் உண்டு. வரைவு ஒன்று, கைகள் பல. இதுவே முன்னில்லாத புதுமை.

இவ்வாறு ஒரு வரைவிற் பலர் கைவைத்தல் தகுமோ? தகும் என்பதும், தகுவதேயன்றி இன்றியமையாததும் ஆகும் என்பதும் எம் கருத்து. ஆயினும், தக்க காவல் இன்றேல் இந்நன்மையே தீமையாய் முடியும் என்பதையும் உடன் கூறுதல் எம் கடன். இவ்விரண்டையும் முறையே ஆராய்வாம்.

வினாப்பட்டி தோன்றிய வரலாற்றை முதற்கண் நோக்குக. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ரைட் ஃபீல்டு என்னும் விமானத்தளத்தில், போயிங் நிறுவனத்தின் 'மாடல் 299' என்னும் புது விமானம் எழுந்த சிறிது நேரத்தில் வீழ்ந்தது. ஓட்டியவர் பயிற்சி இல்லாதவர் அல்லர், கைதேர்ந்தவரே. நிற்கும்போது காற்று விமானத்தின் இயக்குதட்டுகளை அலைக்காதபடி இடும் பூட்டை, எழுமுன் நீக்க மறந்துவிட்டனர், அவ்வளவே. அதன் பின்னரே விமானிகளுக்கு வினாப்பட்டி வகுக்கப்பட்டது. பட்டி அறியாமைக்கு மருந்தன்று, மறதிக்கு மருந்து. ஆயின், மறதி ஒன்று, காணாமை மற்றொன்று. மறந்ததைப் பட்டி நினைவூட்டும். காணாததை எப்பட்டியும் காட்டாது. காணாமைக்கு மருந்து, கண்ட பிறரைத் துணைக்கொள்ளுதலே.

ஒரு பணியிடத்தைப் பற்றிய அறிவு ஒருவரிடத்தே நிறைந்திருப்பதன்று. கொதிகலத்தின் ஓசை மாறியதை அதனருகே நாள் முழுதும் நிற்பவன் அறிவான். எந்தப் பலகையில் மின்சாரம் கசிகின்றது என்பதை மின்பணியாளன் அறிவான். இரவு முறையில் எவ்வாயில் பூட்டப்படுகின்றது என்பதைத் தையற்பொறியின் முன் அமர்ந்திருக்கும் பெண் அறிவாள். பகலில் வந்து மாலையில் மீளும் தணிக்கையாளர் இம்மூன்றனுள் ஒன்றையும் அறியார். அவர் வருகின்றார் என்பது முன்னரே தெரிந்திருப்பின், அறியவும் விடப்படார். திருக்குறளில் 'தெரிந்துவினையாடல்' என ஓர் அதிகாரம் உண்டு. தக்கவனைத் தெரிந்து அவனிடத்து வினையை விடுதலே அதன் பொருள். அந்நெறி ஆய்வுக்கும் பொருந்தும். அறிந்தவர் எழுதவேண்டிய வரியை அறியாதவர் எழுதுதல் வினையைத் தெரிந்து விட்டதாகாது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. இருநூற்றைம்பதின் மேற்பட்டோர் மாண்டனர். சாளரங்களிற் கம்பி, வாயில்கள் அடைப்பு. அதற்குச் சில வாரங்களுக்கு முன், அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அத்தொழிற்சாலை எஸ்.ஏ. 8000 என்னும் நற்சான்று பெற்றிருந்தது. கம்பியிட்ட சாளரத்தை நாடோறும் கண்டவர் பல நூற்றுவர். நற்சான்றுக்குரிய அறிக்கையை எழுதியவரோ வெளியிலிருந்து வந்த சிலர்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இதனினும் கொடிது. வங்காள தேசத்தின் சாவர் என்னும் ஊரில், ராணா பிளாசா என்னும் எட்டடுக்குக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23-ஆம் நாள் விரிசல் காணப்பட்டது. கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளரோ மறுநாட் காலையில் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டனர். அன்று கட்டடம் இடிந்து 1,134 பேர் உயிர் துறந்தனர். அங்கிருந்த தொழிற்சாலைகளுட் சில முன்னரே தணிக்கைக்கு உட்பட்டவை. ஆயின் அத்தணிக்கை கட்டடத்தின் உறுதியை அளக்கும் நோக்குடையதன்று. ஊதியம், வேலைநேரம் என்பவற்றை அறிந்தார்க்குத் தூணின் வலிமை தெரியாது. தெரிந்தாரை உடனழைத்து எழுதுவிக்கும் வழக்கமும் இல்லை.

ஈண்டு ஒரு தடை எழும். விரிசல் இருந்ததை அனைவரும் அறிந்திருந்தனரே. அறிந்தும் பயனென்னை என வினவலாம். இது வலிய தடை, மறுக்கற்பாலதன்று. அறிவு மட்டும் உயிர் காவாது. அறிவுக்கு ஒரு நிலைபேறு வேண்டும். வாய்ச்சொல்லாய் நின்ற அச்சம் மேற்பார்வையாளரின் ஓர் அதட்டலில் அடங்கிவிடும். ஏட்டில் ஏறி, நாளும் நேரமும் படமும் பெற்று, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பொருளைக் கொள்வார்க்கும் ஒருங்கே தெரிய நிற்கும் குறிப்போ, அவ்வாறு எளிதில் அடங்காது. கூட்டு வரைவின் பெரும்பயன் இதுவென்றே யாம் கருதுகின்றோம். அது செய்தியைச் சேர்ப்பது மட்டுமன்று. பலரறி செய்தியாக்கி மறைத்தலை அரிதாக்குவது.

ராணா பிளாசாவின் பின், 2013 மே மாதத்தில், ஆடை வாணிக நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ஒப்பமிட்ட உடன்படிக்கை ஒன்று இந்நெறியையே கைக்கொண்டது. இருநூற்றின் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்தன. கட்டட உறுதி, தீக்காப்பு, மின்காப்பு என மூன்று துறைப் பொறியாளர் ஆராய்ந்தனர். ஆயிரத்து அறுநூற்றின் மேற்பட்ட தொழிற்சாலைகள் ஆராயப்பட்டன. கண்ட குறையும் அதனைத் தீர்க்கும் திட்டமும் உலகறிய இணையத்தில் வெளியிடப்பட்டன. தொழிலாளர் இடம்பெறும் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. இடர் உண்டெனக் கருதும் தொழிலாளி அவ்விடத்துட் புக மறுக்கும் உரிமையும் அவ்வுடன்படிக்கையில் இடம்பெற்றது. 2020 ஜூன் மாதத்தில் அப்பணி அந்நாட்டிலேயே அமைந்த வேறொரு மன்றத்தின்பாற் சென்றது. ஒருவர் எழுதிப் பெட்டியில் அடைத்த அறிக்கைக்கும், பலர் ஆராய்ந்து பலர் காண வைத்த அறிக்கைக்கும் உள்ள வேற்றுமையை இதனால் அறியலாம்.

இனி மருத்துவத் துறையை நோக்குவாம். உலக நலவாழ்வு அமைப்பு 2008-இல் அறுவை மருத்துவத்திற்கென 19 கூறுகளையுடைய பட்டி ஒன்றை வெளியிட்டது. மயக்கமருந்து தருமுன், தோலைக் கீறுமுன், நோயாளி அறையை விட்டு நீங்குமுன் என மூன்று வேளையில் அது படிக்கப்படும். செவிலியரும் மயக்கமருந்து வல்லுநரும் அறுவை மருத்துவரும் கூடி நின்று வாய்திறந்து விடை கூறல் வேண்டும். எட்டு நகரங்களில் இதனைப் பயன்படுத்திக் கண்ட முடிவு 2009-இல் வெளிவந்தது. அவற்றுள் புதுதில்லியும் ஒன்று. இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகவும், பெருந்தொல்லைகள் 11 என்பதிலிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஆயின், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இப்பட்டி கட்டாயமாக்கப்பட்ட பின் 101 மருத்துவமனைகளில் நிகழ்ந்ததை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை.

பட்டி ஒன்றே; பயன் ஏன் வேறாயிற்று? இதுபற்றி அறிஞர் பலவாறு கூறுவர். பட்டியை நிரப்புதல் வேறு, பட்டியைக் கொண்டு கூடிப் பேசுதல் வேறு என்பது அவருட் பலர் கூறும் காரணம். எமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகின்றது. கூட்டு வரைவும் இத்தகையதே. பலர் பெயரில் ஒருவரே அமர்ந்து குறியிட்டு முடிப்பாராயின், மென்பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், பழைய தாளே புதுவேடம் பூண்டு வந்ததாகும்.

நிற்க. கூட்டு வரைவினால் விளையக்கூடிய கேடுகளையும் நடுநின்று ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, பலர் எழுதிய குறிப்புக்குப் பொறுப்பாளர் யார் என்பது மயங்கும். எல்லாரும் எழுதினர் எனின், எவரும் எழுதவில்லை என்பதே வழக்குமன்றத்தில் வந்து முடியும். இதற்கு மாற்று, ஒவ்வொரு விடையின் பக்கத்தும் எழுதினார் பெயரும் எழுதிய நேரமும் தாமே பதிந்து நிற்கச் செய்தலும், முழுமைக்கும் ஒருவரே இறுதி ஒப்பமிடுதலுமாம்.

இரண்டாவது, ஒருவர் எழுதியதை மற்றொருவர் எழுத்து அழித்துவிடும். இணைப்பில்லாத இடத்தில் இருவர் ஒரே வினாவுக்கு வெவ்வேறு விடை எழுதினர் என்று கொள்வாம். பத்து மணிக்கு ஒருவர் 'வாயில் பூட்டியுளது' என்று எழுதுகின்றார். அதுகேட்டு யாரோ ஓடிச்சென்று திறந்துவிட, பத்தரை மணிக்கு வந்த மற்றவர் 'வாயில் திறந்துளது' என்று எழுதுகின்றார். இருவர் கூற்றும் மெய்யே. பிந்தியது முந்தியதை மறைக்கும் அமைப்புடைய மென்பொருளாயின், அறிக்கையில் 'திறந்துளது' என்பது மட்டுமே நிற்கும். அறியத்தக்க செய்தியோ, ஆய்வாளர் வரும்வரை அது பூட்டிக் கிடந்தது என்பதன்றோ? பொய் ஒன்றும் எழுதாமலே மெய் அழிந்துபோயிற்று.

தமிழ் பயில்வார்க்கு இச்சிக்கல் புதியதன்று. பல ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், ஒரு பாடத்தை மேலே கொண்டு, வேறுபட்ட பாடங்களைப் பிரதிபேதமெனக் கீழே காட்டும் நெறியைப் போற்றினார்கள். தமக்கு ஒவ்வாத பாடத்தையும் அவர்கள் அழித்துவிடவில்லை. பின்வருவார் ஆராய்தற்கு வைத்தார்கள். ஒரு சொல்லின் வடிவுக்கே இத்துணைக் காவல் வேண்டுமாயின், உயிர் காக்கும் குறிப்புக்கு எத்துணை வேண்டும்! மாறுபட்ட இரு விடைகள் வரின் இரண்டும் நிற்க வேண்டும். எதனைக் கொள்வது என்பதைக் கருவி தீர்மானித்தல் கூடாது, மாந்தர் கூடித் தீர்மானித்தல் வேண்டும்.

மூன்றாவது கேடே யாம் மிக அஞ்சுவது. ஆராயப்படுவோரும் வரைவைக் காண்பாராயின், வரைவு பேரம் பேசும் களமாகிவிடும். 'குறை' என்றது 'கவனிக்கத்தக்கது' ஆகும். 'உடனே' என்றது 'விரைவில்' ஆகும். நாலாம் நாள் அவ்வரியே இராது. ஆதலின் வரைவு நிலையிலும் ஓர் எல்லை வேண்டும். ஒருமுறை குறிக்கப்பட்ட குறையை நீக்கும் உரிமை எவர்க்கும் வேண்டா. நிருவாகத்தார் தம் மறுமொழியை அதன் பக்கத்தே எழுதுக. 'மறுநாளே திருத்தினோம்' என்று படத்துடன் காட்டுக. அது அவர்க்குப் பெருமையே. அழித்தல் மட்டும் ஆகாது.

நான்காவது, தொழிலாளியின் அச்சம். எழுதினார் பெயர் பதிய வேண்டும் என்று முன்னர்க் கூறினோம். பெயர் பதிந்தால் வேலை போகும் என்று அஞ்சுவோன் எழுதுவானோ? இவ்விரண்டும் தம்முள் மாறுகொள்வன போலத் தோன்றினும், இணைக்கும் வழி உண்டு. தனித்தொழிலாளியின் பெயருக்கு மாறாக, அவரால் தெரிந்தெடுக்கப்பட்ட பிரதிநிதியின் பெயர் நிற்பதாகுக. பிரிட்டனில் 1977-இல் வகுத்த விதிகள், தொழிற்சங்கம் நியமிக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு மூன்று திங்களுக்கு ஒருமுறை பணியிடத்தை ஆராயும் உரிமை தந்தன. நம் நாட்டிலும், 1984-ஆம் ஆண்டுப் போபால் பேரிடரின் பின், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் செய்த திருத்தம், இடர்மிக்க தொழில் நடைபெறும் இடங்களில் தொழிலாளரும் நிருவாகத்தாரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த பாதுகாப்புக் குழுவை வேண்டிற்று. அத்தகைய குழுவுக்குக் கூட்டு வரைவே தக்க கருவியாம். குழுவின்றிக் கருவி மட்டும் வந்தால், அஃது ஆளில்லாத ஊருக்கு அம்பலம் எடுத்தது போலும்.

இன்னும் ஒன்று கூறி அமைவாம். வினாப்பட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. மொழிபெயர்த்த சிலவும் அகராதிச் சொற்களால் நிறைந்து, படிப்பவரை மருட்டுகின்றன. திருப்பூரில் பின்னலாடை நெய்யும் இடங்களில் இன்று தமிழரோடு வடபுலத்தாரும் பலர் வேலை செய்கின்றனர். தன் மொழியில் இல்லாத வினாவுக்கு 'ஆம்' என்று குறியிடுபவன் விடை கூறினானல்லன், தலையசைத்தான். வினா விளங்காத இடத்துக் கூட்டு வரைவு என்பது பெயரளவே. ஆதலின் இது பொறியியலார்க்கே உரிய பணி என்று தமிழ் மாணவர் வாளாவிருத்தல் தகாது. தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்களை அவரிடமே கேட்டறிந்து, எளிய தமிழில் வினா வகுத்தல் நம் துறைக்கு உரிய தொண்டு. 'அவசர வெளியேற்ற மார்க்கம் தடையுறாது பராமரிக்கப்படுகின்றதா?' என்பதினும், 'தீப்பிடித்தால் ஓடும் வழியில் மூட்டை கிடக்கிறதா?' என்பது சிறந்த தணிக்கை வினாவாம் என்பதில் ஐயமில்லை.

இதனை நம் கல்லூரியிலேயே தொடங்கலாம் என்பது எம் வேண்டுகோள். வேதியியல் ஆய்வுக்கூடமும், விடுதிச் சமையலறையும், நூலக மேன்மாடமும் உண்டு. ஆய்வுக்கூட உதவியாளர், சமையற்காரர், விடுதி மாணவர், மின்பணியாளர், ஆசிரியர் ஆகியோர் ஒரே வரைவிற் கூடி எழுதுக. வினாக்களைத் தமிழ் மாணவர் எழுதித் தருக. எழுதியது எதுவும் அழியாதிருக்க. மாறுபாடு எழின் இரு பக்கமும் நிற்க. இறுதியில் முதல்வர் ஒப்பமிட்டு, அறிவிப்புப் பலகையில் வைப்பாராக. பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. சமையற்காரரிடம் கைப்பேசியை நீட்டி, 'ஐயா, நீங்கள் சொல்லுங்கள், யாம் எழுதுகின்றோம்' என்று கூறும் பணிவே வேண்டும்.

தொழில்புரியப் போகும் மாணவர்களுக்கும், முன்னரே உயர்பதவிகளில் அமர்ந்துள்ள பழைய மாணவர்களுக்கும் எம் விண்ணப்பம் இதுவே. நாளை நுங்கள் மேசைக்கு ஓர் ஆய்வறிக்கை ஒப்பத்திற்கு வரும். குறை ஒன்றும் இல்லாத அழகிய அறிக்கையாகவும் அஃது இருக்கலாம். ஒப்பமிடுமுன் ஒன்று மட்டும் வினவுக: இவ்வறையில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவர் எழுதிய வரி இதனுள் எங்கே உளது? காட்டினால் ஒப்பமிடுக, காட்டாவிடின், அதனை வரைவாகவே திருப்பி அனுப்புக.